தோற்றால் எங்கே போவது

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை மார்த்தாண்டத்தில் ஒரு வேலையில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே என்னிடம் ஒப்படைத்த காரியம், ஜாவாவில் இருக்கிற வெப் ஃபிரேம்வொர்க்குகளில் எது நமக்குச் சரிப்படும் என்று பார்த்துச் சொல்வது. துக்கவீட்டிலிருந்து வருகிறவனுக்கு இதைவிடத் தோதான வேலை அமையாது. அழ வேண்டாம், யாருக்கும் ஆறுதல் சொல்ல வேண்டாம், கட்டம் போட்டு டிக் அடித்தால் போதும். உண்மையில் எனக்கு அழுகையும் வந்திருக்கவில்லை. ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் கை மரத்துப் போகுமே, அந்த மாதிரி ஆள் முழுக்க மரத்துப் போயிருந்தேன். கிள்ளினால் தெரியும், வலிக்காது.

அதற்கு முன் மூன்று வருடம் திருவனந்தபுரத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். இரணியலில் காலை ரயில் பிடித்துப் போய்த் திரும்பி வருவது. அம்மாவை அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் வேலையை விட்டுவிட்டு அவள் கூடவே இருந்தேன். அவளுக்கு என்ன நோய் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும், அவளைத் தவிர. நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. "எப்பம் மக்கா வீட்டுக்குப் போவலாம்?" என்று கேட்பாள். "அடுத்த வாரம்மா" என்பேன். நான்கு மாதம் வாரம் தவறாமல் சொன்னேன். கடைசி வாரமும் சொன்னேன். அந்தச் சொல் அப்படியே வாயில் தங்கிவிட்டது.

அது 2008. அலுவலகம் என்பது ஒரு ஸ்டீல் பாத்திரக்கடையின் மாடி. கீழே யாராவது குத்துப்போணியைத் தட்டிப் பார்த்து வாங்கினால் மேலே எங்கள் மேசை வரை கேட்கும். அதை நடத்தியவர், சவுதியில் தமாமில் பதினோரு வருடம் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அவரை அண்ணன் என்றே கூப்பிட்டோம். "இது ஸ்டார்ட்அப்பாக்கும்" என்று அவர் சொன்னால் ஊர்க்காரர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "டைப்பிங் கிளாஸ் உண்டா?" என்பார்கள். அவர் முகம் வாடும்.

எனக்கு முன்பே அங்கே ஒரு அக்கா வேலை பார்த்தாள். தேங்காய்ப்பட்டணத்துக்காரி. என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். கணவர் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். அப்பா, சித்தப்பா எல்லோரும் கடல் தொழில். அந்த வீட்டில் எம்.சி.ஏ. வரை படித்த ஒரே ஆள் இவள். மத்தியானம் டிபன் பாத்திரத்தைத் திறந்ததும் முதல் மீன் துண்டு மூடியில் வைக்கப்பட்டு என் பக்கம் வரும். "துக்கத்துல இருக்கவன் சைவமா இருந்தா பொறவு எழும்பமாட்டான்" என்பாள். இப்படி ஒரு விதி எந்த மதத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டேன். உப்பு இருப்பது தெரிந்தது, ருசி தெரியவில்லை.

ஃபிரேம்வொர்க் என்றால் என்னவென்று வீட்டில் அப்பா கேட்டார். கல்யாண மண்டபம் மாதிரி என்றேன். மேடை, பந்திக்கூடம், அடுக்களை எல்லாம் ஏற்கெனவே கட்டி வைத்திருப்பார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் சமையல்காரரையும் நாம் கூட்டிக்கொண்டு போனால் போதும். ஆனால் அடுக்களை எங்கே இருக்கிறதோ அங்கேயிருந்துதான் சாம்பார் வரும், கை கழுவுகிற குழாய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கூட்டம் போகும். மண்டபத்தைப் பிடித்த பிறகு அதையெல்லாம் மாற்ற முடியாது. அப்பா யோசித்துவிட்டு, "அப்பம் மண்டபம் பாக்கதுக்கா உனக்குச் சம்பளம்?" என்றார். ஆமாம் என்றேன்.

எங்கள் முதல் கல்யாணம், களியக்காவிளையில் இருந்த ஒரு விசா ஏஜென்டின் காரியம். அவர் கல்ஃப் வேலைக்கு ஆள் அனுப்புகிறவர். பாஸ்போர்ட் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற பிள்ளைகளும் அவர்களின் அம்மாக்களும் தினமும் அவர் கடைக்கு வந்து, "நம்ம காரியம் என்னாச்சு?" என்று கேட்டு அவரை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. அதனால் ஒரு வெப்சைட் வேண்டும். பாஸ்போர்ட் நம்பரை அடித்தால் காரியம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்ட வேண்டும். பாஸ்போர்ட் வாங்கியது, நேர்முகம், மெடிக்கல், விசா என்று தொடங்கி டிக்கெட் வரை எட்டுக் கட்டம்.

அக்காவின் தம்பியும் அதே ஏஜென்டிடம்தான் பாஸ்போர்ட் கொடுத்திருந்தான். ஐ.டி.ஐ. படித்த வெல்டர், இருபத்து நான்கு வயது. கடலுக்குப் போகப் பிடிக்காமல் வெல்டிங் படித்தவன். பாஸ்போர்ட் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இதற்கிடையில் கொச்சியில் கப்பல் கட்டுகிற வேலைக்கு ஆள் எடுக்கிற ஒரு கான்ட்ராக்டர் அவனை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். அந்த மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். கொச்சிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கல்ஃப் விசா வந்தால் என்ன செய்வது, போகாமல் இருந்து விசாவும் வராவிட்டால் என்ன செய்வது. அக்காவின் பேச்சு எதில் தொடங்கினாலும் இதில் வந்து முடியும். தம்பியின் பாஸ்போர்ட் நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தாள். டெஸ்ட் பண்ண ஏதாவது நம்பர் வேண்டுமே, இவனுடையதாக இருக்கட்டும் என்றாள்.

அண்ணன் சொன்னபடி நான் சார்ட் பேப்பரில் அட்டவணை போட்டேன். ஸ்ட்ரட்ஸ், ஸ்பிரிங், ஜேஎஸ்எஃப், டாபெஸ்ட்ரி, விக்கெட் என்று ஐந்து வரிசை. படிக்க எளிதா, வேகமா, புத்தகம் கிடைக்குமா, சந்தேகம் கேட்டால் இணையத்தில் யாராவது பதில் சொல்வார்களா, நாளைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டால் இந்தப் பக்கத்தில் கிடைப்பாரா என்று ஐந்து பத்தி. ஒரு வாரம் இணையத்தில் படித்தேன். கோயில் கொடை விழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று அடித்துக்கொள்வது போல உலகம் முழுக்க ஆட்கள் இதற்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். முன்பு எனக்கும் அந்த மாதிரிச் சண்டைகளில் ஆசை உண்டு. அந்த வாரம் எதைப் படித்தாலும் ஆமாம் அதுவும் சரிதான் என்றே தோன்றியது. கூட்டிப் பார்த்தால் ஸ்ட்ரட்ஸும் ஜேஎஸ்எஃப்பும் ஒரே மார்க்கில் நின்றன.

அண்ணன் கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு சார்ட் பேப்பரைப் பார்த்தார். "செரி, ஒரு காரியம் செய்வோம். அவளுக்கு ஸ்ட்ரட்ஸ் தெரியும், உனக்கு ஜேஎஸ்எஃப் தெரியும். ரெண்டு பேரும் ஒரே பக்கத்தச் செய்யுங்க. பத்து நாளு. முதலாளிய வரச் சொல்லுகேன். அவரு எதக் கை காட்டுகாரோ அத எடுப்போம்." முதலாளி என்றது களியக்காவிளை ஏஜென்டை. அவருக்குக் கீபோர்டில் ஒற்றை விரலால் தன் பெயரை அடிக்கத் தெரியும். எங்கள் ஃபிரேம்வொர்க்கை அவர் தேர்ந்தெடுக்கப் போகிறார்.

அக்கா எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரட்ஸில் ஒரு நீளமான கோப்பு உண்டு. எந்தக் காரியம் நடந்தால் எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று அதில் வரி வரியாக எழுத வேண்டும். ஜெயித்தால் ஒரு பக்கம், தோற்றால் ஒரு பக்கம். எல்லோரும் ஜெயிக்கிற வரியை முதலில் எழுதுவார்கள், மற்றதை மறந்துவிட்டுப் பிறகு திட்டு வாங்குவார்கள். அக்கா எப்போதும் தோற்கிற வரியைத்தான் முதலில் எழுதுவாள்.

"எங்க அப்பா கடலுக்குப் போம்போ, காத்து மாறினா எந்தக் கரையில ஏறுவேன்னு அம்மாட்ட சொல்லிட்டுத்தான் எறங்குவாவ" என்றாள் ஒரு தடவை. "மொதல்ல தோத்தா எங்க போவணும்னு எழுதி வைக்கணும் மக்கா. ஜெயிச்சவனுக்கு வழி சொல்லாண்டாம், அவனே போய்க்கிடுவான்."

ஜேஎஸ்எஃப்பின் சுபாவம் வேறு. அதிலும் விதிகள் எழுதலாம். ஆனால் எழுதாவிட்டால் அது கோபித்துக்கொள்வதில்லை. எங்கே போவது என்று தெரியாதபோது அதே பக்கத்தையே திரும்பவும் காட்டும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. அதோடு பொத்தான், பட்டியல், நாட்காட்டி எல்லாம் தயாராகவே கிடைக்கும். அப்படிக் கிடைத்தவற்றில் ஒரு பச்சைப் பட்டை இருந்தது. வேலை எவ்வளவு முடிந்ததோ அவ்வளவு தூரம் பச்சை நிறம் மெல்ல ஓடி நிற்கும். எட்டுக் கட்டத்துக்கு அதைப் பொருத்தினேன். ஐந்து கட்டம் முடிந்திருந்தால் பாதிக்கு மேல் பச்சை.

பத்து நாளின் நடுவில் ஒருநாள், மாதிரிக்குக் கொஞ்சம் உண்மையான தகவல் வேண்டும் என்று அண்ணன் என்னைக் களியக்காவிளைக்கு அனுப்பினார். கடையில் முதலாளி எனக்கு டீயும் பழம்பொரியும் வாங்கித் தந்து, ஒரு நீளமான நோட்டைத் திறந்து முன்னால் வைத்தார். பக்கத்துக்கு ஒரு ஆள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் நீல மையில் டிக். சில பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னச் சுழி இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"அதுவா, அது போவாது. மெடிக்கல்ல அன்ஃபிட்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தாமலேயே, ரொம்ப நியாயமான ஒன்றைச் சொல்லித் தருகிற மாதிரிச் சொன்னார். "ஆனா நாம இல்லன்னு வாயத் தொறந்து சொல்லக்கூடாது, கேட்டியா. ஒருத்தன்ட்ட இல்லன்னு சொன்னா அந்த ஊருல பத்து பேரு வந்து பாஸ்போர்ட்டத் திருப்பிக் கேப்பாவ. அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்லணும். அவனுக்கே மனசிலாயி வந்து வாங்கிட்டுப் போவான். அதாக்கும் மரியாதை."

எனக்கு அது தப்பாகப் படவில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கு மாதம் நானே அந்த மரியாதையைச் செய்துவிட்டு வந்தவன்.

நம்பர்களை வரிசையாகக் குறித்துக்கொண்டே வந்தபோது ஒரு நம்பரில் பேனா நின்றது. என் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிற நம்பர். பக்க ஓரத்தில் சுழி. ஐந்தாம் கட்டம் வரை நீல டிக். மெடிக்கல் மூன்றாவது கட்டம்தான், ஆனால் முதலாளி அதைத் தாண்டியும் இரண்டு டிக் போட்டிருந்தார். பக்கத்தோடு ஒரு சீட்டு மடித்துக் குத்தப்பட்டிருந்தது. பிரித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அன்ஃபிட் என்று முத்திரை. அதற்குக் கீழே கையெழுத்தில், நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது, மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நான்கு மாதத்துக்கு முந்திய தேதி. வந்த மடிப்பிலேயே திரும்ப மடித்து வைத்தேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

நான் மாடியேறி வந்ததும் அக்கா நாற்காலியைத் திருப்பினாள். "என் தம்பிக்க நம்பரப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. ப்ராசஸ்ல இருக்கு."

"எத்தனாவது கட்டம்?"

"அஞ்சு."

"அஞ்சா" என்றாள். முகம் அப்படியே மலர்ந்துபோனது. "அப்பம் பாதிக்கு மேல ஆயாச்சு."

ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கஸ்டமரின் நோட்டில் பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது ஒன்று. முதலாளியே சொல்வார், நாம் யார் நடுவில் என்பது இன்னொன்று. போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை இருந்திருந்தால்கூட இன்றைக்கு எனக்கு ஒரு சமாதானம் இருக்கும். ஒரு கெட்ட ஆசையாவது இருந்ததே என்று. அதுவும் இல்லை. அவள் கேட்டாள், வாயில் தயாராக இருந்தது வெளியே வந்தது. அவ்வளவுதான் நடந்தது. அதை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

முதலாளி வந்த அன்று அண்ணன் கீழே பாத்திரக்கடையிலிருந்து ஒரு நல்ல நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டிருந்தார். அக்கா முதலில் காட்டினாள். கற்பனையாக மூன்று பேரை உள்ளே ஏற்றியிருந்தாள். முதல் இருவருக்கும் கட்டங்கள் வரிசையாக வந்தன. மூன்றாவது நம்பரை அடித்ததும் வெள்ளைப் பக்கத்தில் இரண்டு வரி வந்தது. மருத்துவப் பரிசோதனையில் தகுதி பெறவில்லை. பாஸ்போர்ட்டையும் மருத்துவச் சீட்டையும் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளவும்.

முதலாளி நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். "இது என்னத்துக்கு?"

"தோத்தா அவனுக்குத் தெரியணும்லா முதலாளி" என்றாள் அக்கா.

"தெரியட்டும். மெல்லத் தெரியட்டும்."

பிறகு நான் காட்டினேன். பச்சை நிறம் இடப்பக்கத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து ஐந்தாம் கட்டத்தில் நின்றது. கீழே நான் எழுதியிருந்த ஒரு வரி: தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது, அடுத்த வாரம் பார்க்கவும். முதலாளி இன்னொரு தடவை காட்டச் சொன்னார். ஏழாம் கட்டத்தில் நிற்கிற ஆளைக் காட்டச் சொன்னார். ஒற்றை விரலால் தானே ஒரு நம்பர் அடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் திருவிழாவில் ராட்டினம் பார்க்கிற சந்தோஷம் இருந்தது. "இதாக்கும் வேணும்" என்றார்.

அண்ணன் எழுந்து சுவரில் தொங்கிய சார்ட் பேப்பரில் புதிதாக ஒரு பத்தி கீறினார். கஸ்டமருக்குப் பிடித்ததா என்று எழுதி, ஜேஎஸ்எஃப் வரிசையில் ஒரு டிக் அடித்தார். இப்படியாக எங்கள் ஸ்டார்ட்அப் தன் ஃபிரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தது. எனக்குக் கைகொடுத்தார்கள். கொடுத்தேன்.

அக்காவுக்குக் கோபம் இல்லை. அன்று சாயங்காலமே என் பக்கத்தில் உட்கார்ந்து ஜேஎஸ்எஃப் படிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, "ஒண்ணு கேக்கேன். ஒருத்தன் பெயில் ஆனா உன் பட்டை எங்க போவும்?" என்றாள்.

"எங்கயும் போவாதுக்கா. அங்கேயே நிக்கும்."

"எத்தன நாளு?"

நான் மவுஸை நகர்த்தி எதையோ மூடித் திறந்தேன்.

மாதக் கடைசி வந்தது. கொச்சிக் கான்ட்ராக்டர் மூன்றாவது தடவை போன் பண்ணினார். அக்கா மாடிப்படியில் நின்று தம்பியோடு ரொம்ப நேரம் பேசிவிட்டு, போனைக் கையில் மூடிப் பிடித்தபடியே என்னிடம் வந்தாள். "நீதான டேட்டா ஏத்துக. உள்ளதச் சொல்லு மக்கா. கொச்சிக்குப் போவச் சொல்லட்டா, இருக்கச் சொல்லட்டா?"

அந்தக் கேள்விக்கு முன்னால் நான் நின்ற நேரம் ரொம்பக் கொஞ்சம். கீழே யாரோ அண்டாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. "இருக்கச் சொல்லுங்கக்கா" என்றேன். "அடுத்த வாரம் தெரிஞ்சிரும்."

அவள் போனைக் காதில் வைத்து, "இருலே. அவன் நோட்ட நேருல பாத்தவனாக்கும்" என்றாள்.

சைட் நன்றாக ஓடியது. முதலாளி கடையில் கூட்டம் குறைந்தது. தேங்காய்ப்பட்டணத்திலும் புதுக்கடையிலும் இன்டர்நெட் சென்டர்களில் ஆட்கள் நம்பர் அடித்து, பச்சைப் பட்டையைப் பிரின்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கலர் மையில்லாத பிரின்டரில் பச்சை சாம்பலாகத்தான் வரும், அதுவும் போதும். அண்ணனுக்கு மேலும் இரண்டு ஏஜென்டுகள் கிடைத்தார்கள். அக்காவின் தம்பி திங்கட்கிழமைதோறும் பார்ப்பான் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். அவனுக்கு இருமல் இருப்பதையும் சொன்னாள். வெல்டிங் புகை, எல்லாருக்கும் வருவதுதான் என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். எக்ஸ்ரே என்ற ஒரு சொல் போதும், சீட்டைப் பற்றிச் சொல்லக்கூட வேண்டாம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் பங்குனியில் அவன் ரத்தம் துப்பினான். அரசு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது புதிதாக வந்ததல்ல, ஒரு வருடத்துக்கு முன்பே எடுத்த படம் ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா நேராகக் களியக்காவிளைக்குப் போய் நின்றாள். முதலாளி பாஸ்போர்ட்டையும் அந்தச் சீட்டையும் எடுத்துக் கொடுத்தார். அவர் மறைக்கவில்லை. கேட்டால் கொடுப்பார், அதுதான் அவர் வழக்கம்.

மறுநாள் அவள் அலுவலகம் வந்தாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், இனி வர முடியாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, மேசையிலிருந்த டம்ளரையும் மாதாவின் சின்னப் படத்தையும் பையில் எடுத்து வைத்தாள். பிறகு என் மேசைக்கு வந்து அந்தச் சீட்டைப் பிரித்து வைத்தாள். நான் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது.

"இது நோட்டுக்குள்ளதான் இருந்துதாம். நீ பாக்கப் போனதுக்கு முன்னயே வந்த சீட்டு. தேதியப் பாத்தியா?"

"ம்."

"உன் கண்ணுல படல்லியா?"

"இல்லக்கா."

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்த்த மாதிரி இல்லை. களைத்துப்போன ஒருத்தி சாய்ந்துகொள்ளச் சுவர் தேடுகிற மாதிரி இருந்தது. "பட்டிருந்தா நீ சொல்லியிருப்ப" என்றாள். சீட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அன்று மத்தியானம் ஜேஎஸ்எஃப் விதிக் கோப்பைத் திறந்து, தகுதி பெறாதவர்களுக்கு ஒரு பக்கம் எழுதினேன். அவள் எழுதியிருந்த அதே இரண்டு வரி. மொத்தமே ஆறு வரி விதி. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அந்த ஃபிரேம்வொர்க் அதைத் தடுக்கவே இல்லை. எல்லாப் பழியையும் மண்டபத்தின் மேல் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு அதைக் காண்பது சங்கடமாக இருந்தது. முதலாளி அதை ஏற்ற விடமாட்டார் என்றார் அண்ணன். கேட்டுப் பாருங்கள் என்றேன். கேட்டார். விடவில்லை. நான் இன்னும் எட்டு மாதம் அங்கே வேலை பார்த்தேன், பிறகு திருவனந்தபுரத்துக்கே திரும்பிப் போனேன்.

நான்கைந்து வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேங்காய்ப்பட்டணத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். ஏலம் போடுகிற இடத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அக்காவின் சாயல் இருந்ததால் தெரிந்துகொண்டேன். அவளைக் கூட்டிப் போக அலுவலகத்துக்கு வந்தபோது என்னைப் பார்த்திருக்கிறானாம். ஆறு மாதத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டு நோய் போய்விட்டதாகச் சொன்னான். நெஞ்சின் ஒரு பக்கம் கெட்டது கெட்டதுதான், வெல்டிங் பிடிக்க முடியாது, படி ஏறினால் மூச்சு முட்டுகிறது. அதையெல்லாம் ஏதோ வானிலை சொல்கிற மாதிரிச் சொன்னான். அக்கா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கிறாளாம்.

"அந்தப் பச்சைப் பட்டை நீங்கதான செய்தது?" என்று கேட்டான். "நல்லா இருந்துது. திங்கக்கெழம அதப் பாத்தாத்தான் எனக்கு ஒரு சமாதானம். பிரின்ட் எடுத்து அம்மாட்ட காட்டுவேன். அவ அத மாதா படத்துக்குப் பொறத்த செருகி வைப்பா."

அப்போதுதான் எனக்கு வலித்தது. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, உண்மையிலேயே உடம்பில் வலித்தது. அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒவ்வொரு வாரமும் சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. வாய் தானாக எதையாவது சொல்லி முடிப்பதற்குள் நான் சொன்னேன்.

"அந்தச் சீட்ட நான் பாத்தேன். அன்னைக்கே பாத்தேன். தெரிஞ்சுதான் உன்ன இருக்கச் சொன்னேன்."

அவன் எழுதிக்கொண்டிருந்த சீட்டை முடித்து, கிழித்து, காத்திருந்த பெண்ணிடம் கொடுத்தான். பேனாவை மூடினான். திட்டுவான் என்று நின்றேன். திட்ட வேண்டும் என்றுதான் விரும்பினேன். அவன் மூச்சு வாங்குகிறவர்கள் பேசுவது போல விட்டு விட்டுப் பேசினான்.

"அக்காட்ட மட்டும் சொல்லாண்டாம் அண்ணே. அவ உங்களப் பத்தி நல்லதாட்டுத்தான் சொல்லுவா."

அதற்குள் அடுத்த ஆள் கூடையோடு வந்து நின்றார். அவன் பேனாவைத் திறந்தான். நான் சரி என்றேன்.